நார்வே போகாத நிபுணர்

மகேசன் நார்வேக்குப் போனதில்லை. அந்த நாட்டைப் பற்றி அவரிடம் இருந்த தகுதி இது ஒன்றுதான். நல்லவேளையாக, கேட்கப்பட்டதும் இது ஒன்றுதான்.

2014 ஜூலையில் அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்துக்கு வந்து நான்கு வருடங்களாக, ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் மாலுக்கு எதிர்ச் சாரியில் இருந்த ஜோசபின் அக்காவின் டிராவல்ஸில் டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். மனைவி மாலினிக்கு மாலில் வேலை. மகள் பக்கத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டு, தமிழில் கேட்டதற்கெல்லாம் இங்கிலீஷில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மூன்று பேரின் விசாவும் ஆகஸ்ட் முப்பத்தொன்றோடு முடிகிறது.

போன தடவை விசா எடுக்கும்போது ஜோசபின் அக்கா மகேசனை 'இந்திய, மலேசியப் பயண ஆலோசகர்' என்று எழுதியிருந்தார். இந்த முறை விசா ஏஜென்ட் அதை அடித்துவிட்டார். அந்த வேலைக்கு ஆக்லாந்தில் தடுக்கி விழுந்தால் ஆள் இருக்கிறது, வெளியாளுக்கு விசா தர மாட்டார்கள். இந்த ஊரில் வேறு யாருமே செய்யாத வேலையாகப் பார்த்து எழுதுங்கள் என்றார். அக்கா யோசித்தபடி சுவரைப் பார்த்தார். சுவரில், கடையில் முன்பு இருந்தவர்கள் கழற்றாமல் விட்டுப்போன ஒரு போஸ்டர் இருந்தது. செங்குத்தான இரண்டு மலைகள், நடுவில் நீலமாகக் கடல், அதில் வெள்ளையாக ஒரு கப்பல், கீழே 'நார்வே'.

மகேசன் அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நார்வே பயண நிபுணர் ஆகிவிட்டிருந்தார்.

"எனக்கு நார்வே எந்தப் பக்கம்னே தெரியாதேக்கா" என்றார்.

"மேல லா. மேப்ல மேல பாரு. இனிமே நீ ஸ்பெஷலிஸ்ட், கடைக்கு வர்றவங்ககிட்ட இப்படி உளறி வைக்காத."

விண்ணப்பம் போனது. பத்து நாளில் கேள்வி வந்தது: இவர் நிபுணர்தான் என்பதற்கு ஏதாவது தொழில் அமைப்பின் சான்று உண்டா? அப்படித்தான் மகேசன் நார்வே வியப்புத் தரச்சான்று மன்றத்தின் படிகளை ஏறினார்.

மன்றம், துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. ஆக்லாந்தில் நார்வேயைப் பற்றி வாய் திறக்க விரும்பும் எவரும் திறக்கலாமா என்று தீர்மானிப்பதற்காக ஆர்வலர்கள் சிலர் தாங்களாகவே தொடங்கியது. நார்வே அரசாங்கத்துக்கு இப்படி ஒரு மன்றம் இருப்பது தெரியாது. மன்றமும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் பதில் வரும். பதில் வந்தால் அது நேரடித் தொடர்பு ஆகிவிடும். நேரடித் தொடர்பு விதி நான்குக்கு விரோதம்.

விதி நான்கைத் துணைச் செயலாளர் ரவிசங்கர் விளக்கினார். அவர் சிங்கப்பூர்க்காரர். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் வைத்திருந்தார், மூன்றும் ஒரே நிறம்.

"மிஸ்டர் மகேசன், இந்த அஃபிடவிட்ல சைன் போடுங்க. நீங்க நார்வேக்குப் போனதில்ல, போற எண்ணமும் இல்ல."

"போகக்கூடாதாங்க?"

"போனா சர்டிஃபிகேட் கேன்சல். நேர்ல பாத்தவங்களுக்குச் சொந்தக் கருத்து வந்துடுதுங்க. சொந்தக் கருத்து வந்தா ஸ்டாண்டர்ட் போயிடும்."

"அப்ப நீங்கள்லாம்?"

"ஒருத்தர்கூட போனதில்ல" என்றார் ரவிசங்கர். பெருமையை அடக்கிக்கொண்டு சொல்ல முயன்றார், அவ்வளவாக முடியவில்லை. "தலைவரம்மா ஒரு தடவை ரொம்பக் கிட்டக்க போயிட்டாங்க. அதை அவங்களே சொல்வாங்க."

மகேசன் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையில் அவர் போட்ட உறுதிமொழிகளில் இவ்வளவு உண்மையானது வேறு இல்லை.

அடுத்த நாற்காலியில் அதே படிவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் குலசிங்கம். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்தைந்து வயது, ஆக்லாந்தின் சாண்ட்ரிங்கம் பகுதியில் சொந்தமாக டிக்கெட் கடை வைத்திருந்தார். 'நார்வேயில் உறவினர் உண்டா' என்ற இடத்தில் உண்மையை எழுதிவிட்டார். மனைவியின் தம்பி, வடக்கே ட்ரோம்சோ என்ற ஊரில், மீன் ஆலையில் இருபத்தைந்து வருடமாக வேலை செய்கிறான்.

ரவிசங்கர் அந்தப் படிவத்தை விரல் நுனியால் தூக்கிப் பிடித்தார். "இது தொற்று ஆச்சே சார். அவர் உங்ககிட்ட நார்வேயைப் பத்திப் பேசியிருக்காரா?"

"என்ர மச்சானோ? இருபத்தஞ்சு வருசமாத் தன்ர முழங்கால் நோவைப் பற்றித்தான் கதைக்கிறான். நாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கதைச்சதில்லை."

'உறவினர் உண்டு; பயனுள்ள தகவல் எதுவும் தருவதில்லை' என்று குறிப்பெழுதி ரவிசங்கர் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

வகுப்புகள் மூன்று வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை. மொத்தம் ஒன்பது பேர். வகுப்பறையின் பெரிய ஜன்னலைத் திறந்தால் வைட்டமாட்டா துறைமுகம், பாய்மரப் படகுகள், அதற்கப்பால் ரங்கிடோட்டோ மலை என்று எல்லாம் தெரியும். அதனால் திரை எப்போதும் மூடியே இருக்கும். முதல் வருடம் திரை போடவில்லையாம். தேர்வர்கள் தப்பான இடத்தில் வியந்துவிட்டார்களாம்.

முதல் நாள் தலைவர் கிளெனிஸ் பாஸ்கோ அம்மையார் பேசினார். எழுபது வயது இருக்கும். ஹீட்டரை முழுக்கத் திருப்பி வைத்திருந்த அறையில், பனிப்பூ பின்னிய கனத்த கம்பளிச் சட்டையோடு, முகம் சிவந்து, ஆனால் சற்றும் தளராமல் நின்றார்.

"நண்பர்களே, நாற்பது ஆண்டுகளாக நான் நார்வேயை நேசிக்கிறேன். அங்கே போக எத்தனையோ வாய்ப்புகள் வந்தன. ஒரு முறை லண்டன் வரை போய்விட்டேன். அங்கிருந்து இரண்டே மணி நேரப் பயணம். திரும்பி வந்துவிட்டேன். ஏன்? போய்ப் பார்த்தவர்கள் பேசுவதைக் கேளுங்கள். ஒருவர் மழை என்கிறார். ஒருவர் காப்பி விலை என்கிறார். ஒருவர் குதிகால் கொப்புளம் என்கிறார். ஒரு நாட்டைப் பற்றிய உண்மை இப்படி ஆளுக்கு ஆள் மாறலாமா? இந்த மன்றத்தில் நாங்கள் பதினொரு பேர் இருக்கிறோம். நார்வே விஷயத்தில் எங்களுக்குள் இதுவரை ஒரு கருத்து வேறுபாடுகூட வந்ததில்லை."

கைதட்டல் ஓய்ந்ததும் கையேடு வழங்கப்பட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடல் மலைக்குள் புகுந்து நிற்கும் ஃபியோர்டுகள் எழுபது பக்கம், நீர்வீழ்ச்சிகள் முப்பது, எண்ணூறு வருடத்து மரத் தேவாலயங்கள் இருபத்தைந்து, வைகிங் கப்பல்கள், செம்மறியாடு, பாலாடைக்கட்டி, பிறகு வானத்தில் பச்சையாக அலையும் வட ஒளி. படங்களைப் பார்க்கப் பார்க்க மகேசனுக்கு உண்மையிலேயே ஆசை வந்தது. ஆசை வந்ததை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அஃபிடவிட் இருக்கிறது.

பாடங்களில் முக்கியமானது வியப்பு. ஃபியோர்டின் முன் நிற்கும் பயணி எவ்வளவு நேரம் வாயடைத்து நிற்க வேண்டும் என்பதை மன்றம் நிர்ணயித்திருந்தது: பதினொரு வினாடி. நீர்வீழ்ச்சிக்கு ஏழு. தேவாலயத்துக்கு ஒன்பது, அதில் கடைசி மூன்றில் தலை லேசாகச் சாய வேண்டும். போஸ்டர் முன்னால் ஒவ்வொருவராக நிறுத்திப் பயிற்சி நடந்தது. மகேசனை நான்காவது வினாடியில் நிறுத்தச் சொன்னார்கள். அவர் வியக்கவில்லை, கப்பலில் வெந்நீர் கிடைக்குமா என்று யோசிப்பது முகத்தில் தெரிகிறது என்றார் அம்மையார். அதுதான் உண்மை. மலேசியாவிலிருந்து பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு எங்கே போனாலும் முதலில் மைலோ கலக்க வெந்நீர் தேடுவதுதான் அவருக்குத் தெரிந்த வழிகாட்டித் தொழில்.

கலாச்சார வகுப்பில் அவர் கை தூக்கினார். "அந்த மரச் சர்ச்சுக்குள்ள போறதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டணுமா?"

எல்லாரும் பக்கங்களைப் புரட்டினார்கள். கையேட்டில் அதற்குப் பதில் இல்லை. தமிழ்க் கூட்டத்தை அழைத்துப் போனால் பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே நாற்பது பேரும் கேட்கப்போகும் முதல் கேள்வி இதுதான் என்று மகேசன் சொல்லிப் பார்த்தார். ரவிசங்கர் அதை 'நிர்ணயிக்கப்படாத ஆர்வம்' என்ற தலைப்பில் பதிந்துகொண்டு இரண்டு மதிப்பெண் கழித்தார்.

அடுத்து பழுப்பு நிறப் பாலாடைக்கட்டி, ஆளுக்கு ஒரு மெல்லிய சீவல். மகேசன் வாயில் போட்டுக்கொண்டு, "அட, பால்கோவா" என்றார்.

ஒப்பிடுதல் விதி ஏழுக்கு விரோதம். மூன்று மதிப்பெண் போனது. ஆனால் எல்லாரும் கலைந்த பிறகு, ரவிசங்கர் தட்டில் மீந்திருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை மகேசன் கதவிடுக்கில் பார்த்தார். நாலாவது சீவலுக்குப் பிறகு அந்த மனிதர் தலையை ஆட்டிய விதத்தில், அவரும் பால்கோவா முடிவுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்தது.

சிக்கல் நூற்று நாற்பதாம் பக்கத்தில் வந்தது.

'வட ஒளியைக் காண நீண்ட, இருண்ட இரவு தேவை. எனவே குளிர்காலத்தின் உச்சமான ஜூலை மாதமே இதற்கு உகந்தது. நள்ளிரவுச் சூரியனைக் காண விரும்புவோர் கோடைக்காலமான டிசம்பரில் செல்லவும்.'

மகேசன் இதைப் படித்துவிட்டுப் பேசாமல்தான் இருந்தார். அவர் பிறந்த ஊரில் வருடம் முழுக்க ஒரே வெயில். பருவம் என்ற விஷயத்தில் அவருக்கு எப்போதும் தன்மேல் நம்பிக்கை கிடையாது. குலசிங்கம்தான் வகுப்பு முடிந்து கார் நிறுத்தத்துக்கு வரும்போது கிளறினார்.

"தம்பி, அந்த ஜூலைக் கதை பிழை. ஜூலையில தனக்கு நித்திரை இல்லையெண்டு மச்சான் பாட்டுப் பாடுறவன். முழங்காலாலதான் நித்திரை இல்லை எண்டு நான் நினைச்சுக்கொண்டிருந்தன். பொறும், கேப்பம்."

மாலை ஆறரை. அங்கே காலை எட்டரை. காரின் கூரைமேல் போனை வைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மச்சான், இஞ்ச ஒரு தம்பி கேக்கிறார். அங்க எப்ப இருட்டும்?"

"ஆகஸ்ட் கடைசியில இருட்டும்" என்றது போன்.

"அவர் மணியைக் கேக்கிறார்."

"மணியெல்லாம் இல்லை அத்தான், மாசந்தான். யன்னலுக்குக் கறுப்புத் துணி அடிச்சுப்போட்டுப் படுக்கிறம். வைக்கிறன், வேலைக்கு நேரம் போச்சு. முழங்காலும் சரியில்லை."

மழை தூறிக்கொண்டிருந்தது. குலசிங்கம் போனில் விழுந்த தூறலைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாளே மகேசன் ரவிசங்கரிடம் போனார். கையேட்டில் ஒரு சின்னத் தவறு இருக்கிறது, பூமியின் மேல் பாதியில் குளிர்காலம் என்பது நமக்கு நேர்மாறாக, என்று வெகு பணிவாக ஆரம்பித்தார்.

ரவிசங்கர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரையை ஒரு சாண் மட்டும் விலக்கினார். வெளியே சாம்பல் வானம், சாய்வான மழை. ஒரு பெண் மடங்கிப்போன குடையோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"இது என்னா மாசம், மிஸ்டர் மகேசன்?"

"ஜூலைங்க."

"இது என்னா காலம்?"

"குளிர்காலம்."

"நியூசிலாந்து எவ்வளவு தெற்கே இருக்கு. இங்கயே ஜூலை இந்தக் குளிர் குளிருது. நார்வேல எப்டி இருக்கும், நீங்களே யோசிங்க லா."

யோசிக்கச் சொல்லித் திரையை மூடிவிட்டார்.

"இது வரைக்கும் ஜூலைல போனவங்க யாருமே கம்ப்ளெய்ன் பண்ணலையாங்க?"

"ஏன் பண்ணல. ஆறு வருஷமா வருது. எல்லாத்துக்கும் பதில் போட்டிருக்கோம்."

ஒரு கனத்த கோப்பை எடுத்து வைத்தார். மகேசன் புரட்டினார். ஒரு தம்பதி எழுதியிருந்தார்கள்: நான்கு நாட்கள் காத்திருந்தும் இருட்டவே இல்லை. மன்றத்தின் பதில்: இருட்டும்வரை காத்திருக்காதது வாடிக்கையாளரின் பொறுமையின்மை. ஒரு பள்ளி ஆசிரியர்: நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குச் சூரியன் தெரிந்தது. பதில்: கைக்கடிகாரத்தைச் சரிபார்க்கவும். டிசம்பரில் போன ஒரு குடும்பம்: சூரியன் உதிக்கவேயில்லை. பதில்: மேகமூட்டம்.

"பாத்தீங்களா" என்றார் ரவிசங்கர். "ஒரு கம்ப்ளெய்ன்ட்கூட பெண்டிங் இல்ல."

அன்று வீட்டில் மாலினியிடம் சொன்னபோது, அவள் சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "இதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? ஜூலைன்னு சொன்னா பாஸ். ஜனவரின்னு சொன்னா ஈப்போ. புள்ள ஸ்கூல்ல நாடகத்துல நடிக்குது, செப்டம்பர்ல. நீங்க ஜூலைன்னே சொல்லுங்க."

"பொய் இல்லையா மாலு?"

"நீங்க நார்வே ஸ்பெஷலிஸ்ட்ங்கறதை விடவா?"

மகேசன் தட்டை நீட்டினார். ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

செய்முறைத் தேர்வு ஒரு சனிக்கிழமை காலை, தொழிற்பேட்டைகள் நிறைந்த ஈஸ்ட் டாமாக்கியில் நடந்தது. நார்வேக்குப் போகக்கூடாது என்பதால் நார்வேயை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. மகேசன் மாலினியின் இரண்டு கம்பளிக் கார்டிகன்களை உள்ளே போட்டு, அதன்மேல் கிடங்கில் கொடுத்த ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, கைகளை மடக்க முடியாமல் நின்றார்.

உள்ளே உறைபட்டாணிப் பெட்டிகள் இரண்டு பக்கமும் கூரை வரை அடுக்கியிருந்தன. நடுவில் நீளமான சந்து. அதுதான் ஃபியோர்டு. பெட்டிகளை ஏற்றி இழுக்கும் தட்டு வண்டி ஒன்றுதான் கப்பல். அம்மையார் அதில் ஒரு நாற்காலி போட்டு அமர்ந்துகொள்ள, மகேசனும் குலசிங்கமும் இழுத்தார்கள். ரவிசங்கர் முன்னால் நடந்தபடி அறிவித்துக்கொண்டு வந்தார்: இடது பக்கம் எழுநூறு மீட்டர் பாறை, வலது பக்கம் ஏழு சகோதரிகள் நீர்வீழ்ச்சி. வலது பக்கம் ஒரு குழாய் கசிந்து பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு வினாடி வியந்தார்கள்.

"தம்பி, மனிசி நல்ல பாரம்" என்றார் குலசிங்கம், உதடு அசையாமல்.

"பேசாதீங்கண்ணே, மார்க் போயிடும்."

பின்னால் பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று பீப் அடித்துக்கொண்டு வந்து நின்றது. ஓட்டி வந்த கம்லேஷ் என்கிற ஃபிஜிக்காரர், இந்தச் சந்து வழியாகப் பட்டாணி போக வேண்டும், கொஞ்சம் ஒதுங்க முடியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். அம்மையார் அவரை நெடுநேரம் பார்த்தார். பிறகு, ஃபியோர்டில் உள்ளூர் மீன்பிடிப் படகுகளுக்கு வழிவிடுவது நார்வேயின் பண்பாடு என்று சொல்லி, கப்பலைக் கரை ஒதுக்கச் சொன்னார். எல்லாரும் பெட்டிகளோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பட்டாணி போனது.

சந்தின் கோடியில் விளக்குகளை அணைத்தார்கள். இருட்டில், கதவுக்கு மேலே, அவசர வழியைக் காட்டும் பலகை மட்டும் பச்சையாக எரிந்தது.

"வட ஒளி" என்றார் அம்மையார், குரல் தழுதழுக்க. "பதினொரு வினாடி. ஆரம்பம்."

ஒரு தேர்வர் ஆறாவது வினாடியில் தும்மினார், அவரை ஒதுக்கிவிட்டார்கள். மகேசன் அந்தப் பச்சை வெளிச்சத்தைப் பார்த்தார். ஓடுகிற மனிதன் படம், அம்புக்குறி, அதன் கீழே கதவு, கதவுக்கு அப்பால் வெயிலோ மழையோ ஏதோ ஒன்று, எப்படியும் பூஜ்யத்துக்கு மேலே. அவர் கண்கள் நிறைந்தன. பதினொன்றல்ல, இருபது வினாடி ஆகியும் அவர் பார்வையை எடுக்கவில்லை. ரவிசங்கர் முழு மதிப்பெண் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னார்: "நான் இதுவரைக்கும் இப்படி ஒரு வியப்பைப் பாத்ததில்ல."

வாய்மொழித் தேர்வு அடுத்த செவ்வாய்க்கிழமை. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு கேள்வி, எல்லாருக்கும் அதே கேள்வி. குலசிங்கம் உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்தார்.

"என்னாச்சுண்ணே?"

"ஃபெயில்."

"என்ன கேட்டாங்க?"

"வட ஒளி பாக்க எந்த மாசம் அனுப்புவீர் எண்டு. ஜனவரி எண்டு சொன்னன்."

"ஏண்ணே? உங்களுக்குத்தான் தெரியுமே, அவங்களுக்கு எது வேணும்னு."

"ஜனவரி எண்டபடியாத்தான் ஜனவரி எண்டு சொன்னன்" என்றார் குலசிங்கம். தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கென்ன தம்பி, நான் இந்த நாட்டுச் சிற்றிசன். கடையில இண்டைக்கும் சென்னை டிக்கெட்தான் விக்கும். நீர் வேற ஆள். உமக்குப் பிள்ளை இருக்கு. நீர் ஜூலை எண்டு சொல்லும், நான் பிழையா நினைக்க மாட்டன்."

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மையார் கேட்டார். மகேசனுக்கு மகளின் நாடகம் ஞாபகம் வந்தது. அவளுக்கு மரம் வேஷம். வசனம்கூட இல்லை.

"ஜூலைங்க" என்றார்.

சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். மூன்று பேரும் எழுந்து கைகுலுக்கினார்கள். இவ்வளவு எளிதாகக் கிடைத்த பாராட்டு அவருக்கு அதற்கு முன் கிடைத்ததில்லை. இவ்வளவு கூசியதும் இல்லை.

சான்றிதழ் தங்க விளிம்போடு இருந்தது. 'மேற்படி மகேசன் நார்வேயைப் பற்றி மன்றம் அறிந்த அனைத்தையும் அறிந்தவர்' என்று அதில் எழுதியிருந்தது. இனி அவர் போடும் ஒவ்வொரு நார்வே டிக்கெட்டுக்கும் மன்றத்தின் முத்திரை வாங்க வேண்டும். ஜோசபின் அக்கா சான்றிதழைப் போஸ்டருக்குப் பக்கத்தில் மாட்டி, ஒரு நகலைக் குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்பினார்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலை பதினொரு மணிக்குப் போன் வந்தது. குடிவரவு அதிகாரி ஒரு பெண்மணி. விண்ணப்பம் சம்பந்தமாகச் சில கேள்விகள் என்றார். ஜோசபின் அக்கா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

வேலை நேரம், கடையில் எத்தனை பேர், எவ்வளவு காலமாக. எல்லாவற்றுக்கும் மகேசன் ஒழுங்காகப் பதில் சொன்னார். மறுமுனையில் தட்டச்சு ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.

"கடைசிக் கேள்வி. நீங்கள் நார்வே நிபுணர். நானும் என் கணவரும் ஜூலை மாதம் போனால் வட ஒளியைப் பார்க்க முடியுமா?"

ஜோசபின் அக்கா பெரிதாகத் தலையாட்டினார். ஆமாம் என்று சொல்லு, என்று வாயசைத்தார். சுவரில் தங்க விளிம்பு மினுங்கியது. அந்தச் சான்றிதழை நம்பித்தான் விசா. சான்றிதழோ ஜூலையை நம்பி நிற்கிறது. மகேசன் வாயைத் திறந்தார். ஜூலை என்று ஒரு தடவை சொன்னாயிற்று, இன்னொரு தடவை சொல்வதில் என்ன இருக்கிறது. ஆனால் அன்று அவர் சொன்னது நார்வேக்குப் போகவே போகாத மூன்று பேரிடம். இந்த அம்மாள் போகிறவர் போலத் தெரிந்தது. பெட்டி கட்டி, கேமரா வாங்கி, உலகத்தின் மறுகோடி வரை போய் நிற்பார். ஈப்போ காலத்தையும் சேர்த்துப் பத்து வருடமாக டிக்கெட் போடுகிற மகேசன், போகிறவர்களை மட்டும் ஏமாற்றியதில்லை.

"பார்க்க முடியாதுங்க" என்றார். "ஜூலைல அங்க ராத்திரியே கிடையாது. ஆகஸ்ட் கடைசிலதான் இருட்டும். நீங்க ஜனவரில போங்க."

தட்டச்சு ஓசை நின்றது. ஜோசபின் அக்கா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் சான்றிதழ் தந்த மன்றம் ஜூலை என்றல்லவா சொல்கிறது?"

"ஆமாங்க. அவங்க யாரும் போனதில்ல. நானும் போனதில்ல. ஆனா அங்க இருக்கற ஒருத்தர்கிட்ட கேட்டேன்."

பிறகு அந்தக் குரல், அதிகாரித் தொனி கொஞ்சம் கழன்று, சொன்னது:

"நாங்கள் போன வருடம் ஜூலையில் போனோம். அந்த மன்றத்தின் நிபுணர் ஒருவர்தான் அனுப்பினார். என் கணவர் பால்கனியில் கேமராவை நிறுத்திவிட்டு, சூரியன் மறையட்டும் என்று ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். மன்றத்துக்கு எழுதினேன். கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லிப் பதில் வந்தது." மூச்சு விட்டார். "இந்த வருடம் நான்கு நார்வே நிபுணர்களின் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. நான்கு பேரிடமும் இதே கேள்வியைக் கேட்டேன். நிபுணர் என்று என்னால் எழுத முடிவது உங்களை மட்டும்தான்."

தட்டச்சு மறுபடி தொடங்கியது. மூன்று வருட விசா, கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் வரும் என்றார். ஜோசபின் அக்கா தலையிலிருந்து ஒரு கையை மட்டும் எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் அந்தப் பெண்மணி, வேலை நேரம் முடிந்து, சாதாரண வாடிக்கையாளராகக் கணவரோடு கடைக்கே வந்தார். மகேசன் அவர்களுக்கு ஜனவரியில் ட்ரோம்சோவுக்கு இரண்டு டிக்கெட் போட்டார். கணவர் இருட்டுமா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

விதிப்படி மன்றத்தின் முத்திரைக்கு அனுப்ப வேண்டும். மகேசன் அனுப்பினார். சான்றிதழைப் பறித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தார். விசா கையில் இருப்பதால் அதைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை.

ஒன்பது நாளில் படிவம் திரும்பி வந்தது. பறிக்கவில்லை. ரவிசங்கரின் மூன்று பேனாக்களில் ஒன்றால் கையெழுத்திட்டு, முத்திரையும் வைத்திருந்தது. கீழே அம்மையாரின் கைப்பட ஒரு குறிப்பு: 'அனுமதிக்கப்படுகிறது. ஜனவரி நடுக்கோடை என்பதால் வாடிக்கையாளர்கள் பருத்தி உடைகள், வெயில் தொப்பி, நீச்சலுடை ஆகியவற்றை எடுத்துச் செல்லுமாறு நிபுணர் அறிவுறுத்த வேண்டும்.'

மகேசன் அதை இரண்டு முறை படித்தார். கோப்பில் செருகினார். பிறகு அந்தப் பெண்மணிக்குப் போன் போட்டு, கம்பளிக் காலுறை ஆளுக்கு எத்தனை ஜோடி வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தார்.